ஒஸ்டினை விற்ற மகனுக்கு

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே இந்த மனுசன் என்று நீ சிரிக்கலாம். சிரி. பதினேழு நாளாக நீயும் நானும் "சாப்பாடு மேசையில இருக்கு", "கேற் பூட்டியாச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். அதற்கு முன் சொல்லியாக வேண்டியவை சில இருக்கின்றன. வாயால் சொல்லப் போனால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் உனக்கு அந்த மெல்லிய சிரிப்பு வரும். அதைப் பார்த்தால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையாவது சொல்லித் தொலைப்பேன். முப்பத்தொரு வருடம் காப்புறுதிக் கம்பனியில் மோட்டார் அசெஸராக இருந்து, அடிபட்ட வாகனங்களைக் குனிந்தும் படுத்தும் பார்த்து, எவ்வளவு சேதம், பிழை யாருடையது என்று அறிக்கை எழுதியவன் நான். அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன். யாரையும் காப்பாற்றி எழுதுவதில்லை என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயர் எவ்வளவு உண்மை என்பதும் இதற்குள் வரும்.

நடந்ததை முதலில் வரிசையாக வைக்கிறேன், பிறகு நீ மறுக்காமல் இருக்க. யாழ்ப்பாணத்தில் என் அக்கா காலமாகிவிட்டார் என்று செய்தி வர, நான் தனியாகப் போனேன். எட்டும் முடித்து, முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் முடித்துத்தான் திரும்பினேன். போகும்போது நம் வீட்டுக் கொட்டிலுக்குள் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று என்னுடைய பேஜோ நானூற்று நாலு. மற்றது என் கூட்டாளி ஜோசப்பின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். திரும்பி வந்த காலையில், வெள்ளவத்தையில் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் கடற்பக்கம் நடந்து வந்து கேற்றைத் திறந்தால், பேஜோ மட்டும் நிற்கிறது. ஒஸ்டின் நின்ற இடத்தை யாரோ கூட்டித் துடைத்து, எண்ணெய்க் கறைக்கு மேல் மரத்தூளும் கொட்டியிருந்தார்கள். களவு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக, அந்தப் பையோடேயே பொலிசுக்குப் போக வெளிக்கிட்டேன். உன் அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "தம்பி பின்னேரம் வந்து எல்லாம் சொல்லுவான்" என்றாள். அவள் பார்க்காமல் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பின்னேரம் நீ வந்தாய், கையில் மடிக்கணினியோடு. என்னைக் கதிரையில் இருத்தி, அதைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தாய். நியாயம் நியாயமாகத்தான் சொன்னாய். வீட்டை இடித்துக் கட்டடக் கம்பனிக்காரர் தொடர்மாடி எழுப்பப் போகிறார்கள். அதுவரை போய் இருக்கும் வாடகை வீட்டில் ஒரு கார்தான் விடலாம். மாடி எழும்பிய பிறகும் நமக்கு ஒரு பார்க்கிங்தான். ஆகவே ஒன்று போக வேண்டும். எது போவது என்பதற்கு நீ ஒரு அட்டவணை போட்டிருந்தாய். இடப்பக்கம் பேஜோ, வலப்பக்கம் ஒஸ்டின். வென்றதற்குப் பச்சை, தோற்றதற்குச் சிவப்பு. எஞ்சின் கொள்ளளவு ஆயிரத்து அறுநூற்றுப் பதினெட்டுக்கு ஆயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு, அதைச் சமன் என்று போட்டிருந்தாய். குதிரைவலு எழுபத்திரண்டுக்கு அறுபத்தொன்று, பேஜோவுக்குப் பச்சை. இரண்டிலும் நாலு கியர். ஆனால் பேஜோவில் முதலாம் கியரையும் ஓட்டத்திலேயே போடலாம், ஒஸ்டினில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். பச்சை. பின்பக்கம் பேஜோவுக்குக் கொயில் ஸ்பிரிங், ஒஸ்டினுக்கு லொறிகளுக்கு இருப்பது போன்ற லீப் ஸ்பிரிங். பச்சை. உச்ச வேகம் பச்சை. நம் ஒழுங்கை முடக்கில் பேஜோ ஒரே வெட்டில் திரும்பும், ஒஸ்டின் ஒருமுறை பின்னுக்கு எடுத்துத்தான் திரும்பும். அதுவும் பச்சை. டிக்கியின் அளவிலும், பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிச் சாமான் கிடைக்கும் இலகுவிலும் மட்டும் ஒஸ்டினுக்கு இரண்டு பச்சை கொடுத்திருந்தாய். கீழே தடித்த எழுத்தில் முடிவு: வைத்திருக்க வேண்டியது பேஜோ.

ஒரு இலக்கத்திலும் பிழை இல்லை. பிழை இருந்தால் அந்த இடத்திலேயே உன்னைப் பிடித்திருப்பேன். எல்லாம் நான் உனக்குச் சொல்லித் தந்தவைதான். நீயும் அதையே சொன்னாய், சின்ன வயதில் இருந்து ஒஸ்டின் பேஜோவுக்குக் கிட்டவும் வராது என்று சொன்னது நீங்கள்தானே என்று. ஃபைலுக்குள் ஜோசப்பின் கையெழுத்தோடு ஓப்பன் பேப்பர் இருந்தது, எடுத்துக்கொடுத்தேன் என்றாய். கொட்டாஞ்சேனையில் கலியாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார் என்றாய். யாரைக் கேட்டு விற்றாய் என்று நான் கேட்டேன். "முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே அப்பா" என்றாய். அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாய். அந்த வசனத்துக்கு இப்போது வரமாட்டேன். அதற்கு முதல் ஜோசப்பைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் உனக்கு ஜோசப் என்றால் நத்தாருக்கு நத்தார் தொலைபேசியில் வரும் ஒரு குரல் மட்டும்தான்.

ஜோசப் துறைமுகத்தில் ஷிப்பிங் கிளார்க். பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் கட்டியது எல்லாம் கொட்டாஞ்சேனை. அடிபட்டு வந்து இறங்கிய ஒரு லொறியைப் பார்க்க நான் துறைமுகத்துக்குப் போன இடத்தில் பழக்கமானவன். நான் பேஜோ வாங்கிய அதே வருடம் அவன் ஒஸ்டினை வாங்கினான். இரண்டுக்கும் உடம்பை வரைந்தது ஒரே இத்தாலியக் கம்பனி என்பதால் தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், பின்னால் இரண்டுக்கும் அதே கூர்ச் செட்டை. அதுதான் வினை. ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்கடைக் கோயிலில் பூசை முடிந்ததும் ஒஸ்டினை உருட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவான். இரண்டையும் காலிமுகத் திடலுக்குக் கொண்டுபோய் அக்கம்பக்கமாக விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடு மறந்து தர்க்கம் பண்ணுவோம். பேஜோவின் எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து படுத்திருக்கும். அது பாரத்தைத் தாழ்த்துவதற்கு என்று நான் சொன்னால், அது நோயாளி என்று அவன் சொல்லுவான். ஒருமுறை இரண்டு குடும்பமும் கண்டிக்குப் போனோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் நான் மூன்றாம் கியரில் ஏறிப் போய் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவனைக் காணோம். ஏதும் நடந்துவிட்டதோ என்று பயந்து நான் காரைத் திருப்ப, மெதுவாக, இரண்டாம் கியரில், ஜன்னலுக்கு வெளியே கை போட்டுக்கொண்டு வருகிறான். வழியில் நிறுத்தி அன்னாசி வாங்கியிருக்கிறான். தோல்வியை ஒப்புக்கொள் என்று நான் சொன்னேன். அவன் அன்னாசியை வெட்டிக்கொண்டு சொன்னான்: "உன்ட கார் ஓடும் மச்சான். என்ட கார்ல இருக்கலாம்."

அன்றைக்கு நான் அதற்குச் சிரித்தேன். அவன் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் இல்லை. அவன் தேநீர் வாங்கப் போகும் நேரங்களில் ஒஸ்டினின் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். அந்தத் தோல் மணம், அந்த அகலமான ஸ்டியரிங், கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் அப்படியே அடங்கிப்போவது. பேஜோவில் நான் ஒரு சாரதி. ஒஸ்டினில் ஒரு ஆள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அவன் கார்தான் பிடித்தது. அவன் முன்னால் அதை ஒப்புக்கொள்ள என் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து உன்னை மடியில் வைத்துக்கொண்டு பேஜோவின் புகழ்தான் பாடினேன், நீயும் அதைப் பாடமாக்கினாய். ஒரு பிள்ளைக்கு முன்னால் வீம்புக்குக் கதைக்கக் கூடாது தம்பி. உனக்கும் நாளைக்குப் பிள்ளைகள் பிறக்கும். நாம் வீம்புக்குச் சொல்வதை அதுகள் உண்மை என்று எடுத்து வைத்துக்கொள்ளும்.

நீ பாலர் வகுப்பில் இருந்த காலம் அது. சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். ஜோசப்பின் மூத்த பொடியனை ஒருநாள் பஸ்ஸில் சோதித்த ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்ப் பத்து நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பொடியன் வீட்டுக்கு வந்தும் ஒரு கிழமை வாய் திறக்கவில்லை. அதோடு ஜோசப் கனடாவுக்குப் போவதென்று முடிவெடுத்தான். வீட்டைச் சாமான்களோடு விற்றான். காரை மட்டும் விற்கவில்லை. நம் வளவுக்குள் கொண்டுவந்து விட்டு, திறப்பையும், பதிவுப் புத்தகத்தையும், கையெழுத்துப் போட்ட மாற்றப் படிவத்தையும் என் கையில் தந்தான். இந்த நாட்டில் பாதி வாகனம் இப்படித்தானே ஓடுகிறது, விற்றவனின் கையெழுத்து கீழே இருக்கும், வாங்குகிறவனின் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். அதற்குத்தான் ஓப்பன் பேப்பர் என்று பெயர். ஆனால் அவன் அதைத் தந்தது விற்பதற்கு அல்ல. சோதனைச் சாவடியில் தமிழன் ஒருவன் இன்னொருவன் பெயரில் உள்ள காரோடு நின்றால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும், அந்தக் கடுதாசியைக் காட்டினால் விட்டுவிடுவார்கள், அதற்காக. ஓட்டாமல் நிறுத்தினால் பழுதாகிவிடும், கிழமைக்கு ஒருமுறையாவது எடு என்றான். கேற்றடியில் வைத்துச் சொன்னான்: "மச்சான், இத உனக்கு விக்கல்ல. தரவும் இல்ல. வச்சிரு, நான் வருவன்." நான் அவன் கையைப் பிடித்துச் சரி என்றேன்.

அந்தச் சரியை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைக் கேள். அடுத்த வருடம் மாசி மாதம் அவனிடமிருந்து ஒரு ஏரோகிராம் வந்தது. வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், குளிர் கொல்கிறது, காரை விற்றுக் கிடைக்கிறதை அனுப்பு, அவசரம் என்று எழுதியிருந்தான். நான் அந்தக் கடிதத்தை ஒஸ்டினின் முன்சீற்றில் இருந்துதான் வாசித்தேன். விற்றிருக்கலாம். ஒரு கிழமையில் விற்றிருக்கலாம், கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. நானே அந்த விலையைக் கொடுத்து எடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எடுத்தால் ஒஸ்டின்தான் எனக்குப் பிடித்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு சின்ன மனம் எனக்கு. தட்டச்சு இயந்திரத்தை எடுத்து வைத்து, கம்பனிக்கு எழுதுவது போலவே தலைப்பும் இலக்கமும் போட்டு ஒரு அறிக்கை அடித்தேன். எஞ்சின் புளொக் வெடித்துள்ளது. தரைத்தகடு கடற்காற்றில் துருப்பிடித்து இற்றுவிட்டது. திருத்துவது வீண்செலவு. வாங்க ஆளில்லை. கீழே என் பெயர், பதவி, கையெழுத்து. அசெஸரின் கையெழுத்தை அவன் சந்தேகிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, நீயே கண்ணால் பார்த்துச் சொல்கிறாய், நான் என்ன சொல்ல, மூலையில் கிடக்கட்டும் என்று. பிறகு ஒருநாளும் அவன் அந்தக் காரைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த ஞாயிறு நான் உன்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அதே ஒஸ்டினில் கல்கிசைக்குப் போனேன். நீ பின்சீற்றில் நித்திரையாகிவிட்டாய்.

அசெஸருக்கு ஒரு பழக்கம் உண்டு, எதை அடித்தாலும் காபன் வைத்துத்தான் அடிப்பான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அந்தப் பொய்க்கும் நான் ஒரு கொப்பி எடுத்து, ஒஸ்டினின் ஃபைலிலேயே, ஓப்பன் பேப்பருக்கு மேலே கோத்து வைத்துவிட்டேன். திருட்டுக் காரியத்துக்குக் கூட ஒழுங்காக ஃபைல் போட்ட மடையன் நான். நீ ஓப்பன் பேப்பரைத் தேடிய நாளில் அதையும் வாசித்திருக்கிறாய். அன்றைக்குப் பின்னேரம், நான் யாரைக் கேட்டு விற்றாய் என்று இரண்டாம் தரம் கத்தியபோது, நீ கத்தவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னாய்: "நீங்கள் அவருக்கு எழுதின கொப்பியைப் பாத்தனான் அப்பா. அவரைப் பொறுத்தவரைக்கும் அந்தக் கார் எப்பவோ செத்துப் போச்சு. செத்த காரை வித்ததுக்கு ஏன் இப்ப குதிக்கிறீங்கள்?"

நீ சாப்பிடப் போய்விட்டாய். நான் விறாந்தையில் இருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் இருந்து, "பிள்ளை இந்தப் புத்தியை வேறெங்கயும் படிக்கேல்லை, உங்களிட்டத்தான் படிச்சவன்" என்று ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். இத்தனை வருடம் அவளுக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பேய்த்தனம்.

இப்போது என் பக்கத்தைச் சொல்கிறேன். நான் செய்தது துரோகம். ஆனால் நீ செய்ததும் துரோகம்தான் தம்பி, என் பிழை உன் பிழையைக் கழுவாது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்த அந்த ஒரு மாதமும் நீ தினமும் எனக்குத் தொலைபேசி எடுத்தாய். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, வெயிலுக்குள்ள திரியாதீங்கோ என்று கேட்டாய். என் பிள்ளை எவ்வளவு பாசம் என்று அங்கே இருந்த சனத்துக்கெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அந்த நாட்களில்தான் நீ ஆள் பிடித்தாய், விலை பேசினாய், திறப்பைக் கொடுத்தாய். ஒருநாள் கூட ஒரு சொல் விடவில்லை. நான் மறிப்பேன் என்று உனக்குத் தெரியும். மறிக்க முடியாத இடத்தில், அக்காவின் படத்துக்கு முன்னால், நான் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பார்த்துச் செய்தாய். விற்றதை விட எனக்கு அது நோகிறது. நீ என்னைக் கேட்டுவிட்டு, நான் மாட்டேன் என்று சொல்ல, சண்டை பிடித்து விற்றிருந்தால் கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் இப்போதும் அந்த "சாப்பிட்டீங்களோ"தான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் உனக்குப் பதில் சொல்லாமல் எழும்பிப் போகிறேன்.

அந்தக் கொப்பியைப் பார்த்த நேரம் நீ எனக்குத் தொலைபேசி எடுத்து இது என்னப்பா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், ஆனால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. மடித்து வைத்துக்கொண்டாய், தேவைப்படும்போது எடுத்து என் வாயை அடைக்க. உன்னை நம்பி ஒரு பெண் வரப்போகிறாள். அவளிடமும் இப்படி ஏதாவது கடுதாசி உன் கண்ணில் படும், எல்லா மனுசரிடமும் ஒன்று இருக்கிறது. அதை மடித்து வைக்காதே. அன்றைக்கே கேள், அல்லது அன்றைக்கே மற. அட்டவணை போட்டு முடிவெடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை, நீ படித்த படிப்பு அது. ஆனால் குதிரைவலுவுக்கு மேலே, முதலாவது வரியில், இது யாருடையது என்று ஒன்று போட்டிருந்தாயானால் மற்றது ஒன்றும் தேவைப்பட்டிராது.

நான் அன்றைக்கு அவ்வளவு குதித்ததற்கு ஒரு காரணமும் உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு ஜோசப் வருகிறான். நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டேன். முன்னறையில் தங்குவான் என்று அம்மா புதுப் படுக்கை விரிப்பும் வாங்கிவைத்தாள். அவன் வந்து கொட்டிலைப் பார்த்தால் என்ன சொல்வது என்றும் நான் யோசித்து வைத்திருந்தேன். உனக்கென்று எங்கெங்கோ சாமான் தேடி, இத்தனை வருடம் பாடுபட்டு உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன் மச்சான் என்று சொல்லித் திறப்பைக் கொடுத்து, அவனைக் கட்டிப்பிடித்து, அவன் கண்ணீரோடு நன்றி சொல்ல அதையும் வாங்கிக்கொள்ள இருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைச் சொல்லியும் பார்த்தேன் தம்பி. நீ விற்றதால் எனக்குப் பறிபோனது அந்தப் பொய்யும்தான். உன்னை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்த நாட்களில் என் கோபத்தில் பாதி அதற்காக என்று விளங்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

போன செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு பேஜோவை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உன்னிடம் வாங்கிய நியாஸ் நல்ல மனுசன். என்னை இருத்தி, பிளேன்ரீ தந்து, கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். "மகன் தந்த பேப்பர் எல்லாம் சரியாத்தான் ஈந்திச்சி ஐயா. நான் களவு சாமான் வாங்குற ஆள் இல்ல" என்றார். அதற்குள் ஒஸ்டின் இரண்டு கலியாணத்துக்கு ஓடிவிட்டது. பொனற்றில் ரிபன் ஒட்டிய பசை அப்படியே இருந்தது. நான் ஜோசப்பைப் பற்றியும், என்னைப் பற்றியும், அந்த அறிக்கையைப் பற்றியும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். முன்பின் தெரியாத மனுசனிடம் முதல் தரம் வாயால் சொன்னேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, பேஜோ விற்பனைக்கில்லை என்று நீ சொல்லியிருந்தாய் என்றும், முதலில் தான் கேட்டதே அதைத்தான் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உன் அட்டவணையின் மிச்சமும் விளங்கியது. பேஜோவை நீ உனக்கென்று ஒதுக்கியிருக்கிறாய்.

ஆகவே நான் பேஜோவைக் கொடுத்து ஒஸ்டினை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கொட்டிலில் துணி போட்டு மூடி நிற்பது அதுதான். மூன்று நாளாக நீ அதைக் கடந்து போகிறாய், பேஜோ என்று நினைத்து. நியாஸும் இந்த ஊர் வழக்கப்படி ஒஸ்டினைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓப்பனாகவே வைத்திருந்தார், அதனால் புத்தகத்தில் இன்னும் ஜோசப்பின் பெயர்தான். ஓப்பன் பேப்பரை அவர் முன்னாலேயே கிழித்தேன். பேஜோவுக்கு மட்டும் அப்படி விடவில்லை. அவர் பெயரை நானே படிவத்தில் எழுதி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் கூடப்போய் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அது என்னுடையது, கொடுக்க எனக்கு உரிமை இருந்தது. உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஒஸ்டினுக்கென்று அவர் உன்னிடம் தந்தது இப்போது பேஜோவின் விலை. அதைக் கலியாணத்துக்கு அப்பா தந்த பரிசு என்று வைத்துக்கொள்.

நேற்றுப் பின்னேரம் ஜோசப்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே விடிந்த நேரம். எழுதி வைத்துத்தான் வாசித்தேன், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துவிடுவேன். அறிக்கை பொய், புளொக் வெடிக்கவில்லை, தரைத்தகடு இற்றுப்போகவில்லை, வாங்க ஆளிருந்தது, எனக்கு உன் கார் பிடித்தது. பிறகு நீ விற்றதையும் நான் திருப்பி எடுத்ததையும் சொன்னேன். "நீ அத எழுதின நேரம் கார் ஓடினதா" என்று அவன் கேட்டான். ஓடினது என்றேன். நல்லாவா என்று கேட்டான். நல்லா ஓடினது என்றேன். பிறகு சொன்னான்: "அந்த விண்டர் முழுக்க நான் நடந்துதான் வேல தேடினன் மச்சான். பஸ்ஸுக்குக் காசு இல்லாம. குளிர்ல ரெண்டு கால்விரல் போச்சு. மனுசிட்ட கால்ல அடிபட்டுதெண்டு சொன்னன்." மன்னித்துக்கொள் என்றேன். அந்தச் சொல் எனக்கே வாயில் சப்பென்று இருந்தது. கலியாணத்துக்கு வருவேன், பொடியனுக்காக வருவேன் என்றான். "உன்ட வீட்டுக்கு வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். முன்னறையில் போட்ட விரிப்பை அம்மா மடித்து அலுமாரிக்குள் வைத்ததை நீ இன்று காலை பார்த்திருப்பாய். அதற்குக் காரணம் இதுதான்.

அவன் கலியாணத்துக்கு நாலு நாள் முந்தி வந்து கொட்டாஞ்சேனையில் தன் தங்கை வீட்டில் நிற்கப் போகிறான். அங்கே நீ போக வேண்டும். ஒஸ்டினை நீயே ஓட்டிக்கொண்டு போ, நிறுத்திவிட்டுத்தான் முதலாம் கியரைப் போடு, இல்லாவிட்டால் பல்லைக் கடிக்கும். திறப்பையும் புத்தகத்தையும் அவன் கையில் கொடுத்து, உங்களுடையது என்று தெரிந்தும் உங்களைக் கேட்காமல் விற்றேன் என்று உன் வாயால் சொல். திரும்பிப் பஸ்ஸில் வா. நான் வரமாட்டேன். கூப்பிட்டால் வருவேன், ஆனால் அவன் கூப்பிடமாட்டான்.

உன்னை அவன் நன்றாகத்தான் வைத்துக் கதைப்பான். தேத்தண்ணி தருவான். பிறகு மெல்ல என்னைப் பற்றிக் கேட்பான். அந்தக் காலத்தில் உன் அப்பாவுக்கும் ஏதும் கரைச்சல் இருந்ததா, வேலையில் ஏதும் பிரச்சினையா, ஏதும் வருத்தமா என்று கேட்பான். எனக்கு அவனைத் தெரியும். என்னை மன்னிப்பதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடித்தான் கேட்பான். உனக்கும் அந்த இடத்தில் என் மேல் இரக்கம் வரும், நீ என் பிள்ளை. ஓம் அங்கிள், அப்ப எங்களுக்கும் கஷ்டம்தான் என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அவன் அன்றைக்கே என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவான். எங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, தம்பி. எனக்காக அவனிடம் ஒரு பொய்யும் சொல்லாதே.

அப்பா